தேங்காய் மிஷின் மேல் இருந்த பொட்டு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு இன்னும் நாலே நாள் இருந்த ஒரு புதன்கிழமை. பினாங்கு ஜார்ஜ்டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில் இது நடந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு என்னை மாதிரி கெட்டிக்காரி இந்த ஊரில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றரை மணிக்கு வெட்கத்தில் தலைகுனிந்து நின்றேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது. பாயான் லெப்பாசில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, வாய்க்கு மாஸ்க், கைக்குக் கையுறை, கண் மட்டும்தான் வெளியே தெரியும். மைக்ராஸ்கோப்பில் குனிந்து, அரை அரிசி அளவுகூட இல்லாத சில்லுகளில் தூசி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அங்கே ஒரு தலைமுடி விழுந்தாலே பெரிய பஞ்சாயத்து ஆகிவிடும். அந்தப் பழக்கம் ஊறிப்போய் வீட்டிலும் எனக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. "உங்கம்மாவுக்குத் தூசியப் பாத்தா சாமி வந்துரும், எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று என் வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் கிண்டலடிப்பார்.

ஓய்வு பெற்று ஆறு மாசத்தில் ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டில் துடைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அப்போதுதான் என் மகளுக்குத் தொடக்கப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சரைப் பசாரில் பார்த்தேன். தமிழ் முஸ்லிம் அம்மா, அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். நம் ஆட்கள் இந்த ஊரில் அன்றாடம் புழங்கிய சாமான்களை எல்லாம் சேர்த்து, நாலைந்து பேராக ஒரு சின்னக் காட்சியகம் மாதிரி நடத்துகிறோம், தூசி தட்ட, கை உதவிக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். சாமான், தூசி என்ற இரண்டு வார்த்தையிலேயே நான் விழுந்துவிட்டேன். புதன்கிழமை தோறும் பஸ் பிடித்துப் போக ஆரம்பித்தேன்.

முதல் நாள் மாடியேறிப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பழைய ஃபெர்ரி டிக்கெட், பித்தான் போட்டு வைத்த பிஸ்கட் டின், ஹஜ்ஜுக்குக் கப்பலில் போனவர்கள் கொண்டுபோன தகரப்பெட்டி, கல்யாண வீட்டில் வந்தவர்களுக்குக் கொடுத்த எவர்சில்வர் குங்குமச் சிமிழ். ஓரம் முழுக்கப் பல் தடம் பதிந்த ஒரு மர ஸ்கேல்கூட இருந்தது. எந்தப் பிள்ளை கணக்குப் பாடத்தில் உட்கார்ந்து கடித்ததோ! "டீச்சர், இதெல்லாம் எங்க வீட்ல நான் குப்பையில போட்டதுலா" என்றேன். டீச்சர் கோபப்படவில்லை. "நீ போட்டதத்தான் நாங்க பொறுக்கி வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, அங்கே இருந்த கட்டுப்பாடுகளைச் சொன்னார். பிரஷால் தூசி தட்டலாம். தண்ணீர் ஆகாது, சோப்பு ஆகவே ஆகாது. ஒவ்வொரு சாமானிலும் நூலில் ஒரு அட்டை கட்டியிருக்கும், அதைப் படிக்காமல் எதையும் தொடக்கூடாது.

எனக்கா தெரியாது? தொழிற்சாலையில் ஒவ்வொரு டிரேயுடனும் ஒரு அட்டை வரும். அதைப் படிக்காமல் டிரேயைத் தொட்ட புதுப் பிள்ளைகளை நான் எத்தனை தடவை அழவிட்டிருப்பேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, இந்த டீச்சருக்குச் சுத்தம் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு சின்னக் கண்காட்சி திறப்பதாக இருந்தது. அதற்காகப் புதிதாக வந்திருந்த சாமான்களில் ஒன்று, தேங்காய் துருவும் மிஷின். பசாரில் பார்த்திருப்பீர்கள். கீழே மரப்பெட்டி, உள்ளே மோட்டார், முன்னால் முள்ளு முள்ளாக ஒரு இரும்புக் குண்டு, அதற்கு மேலே தகர மூடி. பாதித் தேங்காயைக் குண்டில் வைத்து அழுத்தினால் பூவாகக் கொட்டும். சுங்கை பாக்காப்பில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒருவர், தன் அம்மா பிழைப்புக்கு வைத்திருந்த மிஷின் என்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். நான் போனபோது டீச்சர், விவர அட்டைகளை அச்சடித்து வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். "மிஷின் மேல லேசா தூசி மட்டும் தட்டிரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தூசி மட்டுமா? ஐயோ, அதைப் பார்க்க வேண்டுமே! எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்துபோன தேங்காய்ப் பால், துரு, கரப்பான்பூச்சி முட்டை. நாலு நாளில் ஆயுத பூஜை. எந்தத் தமிழ் வீட்டிலாவது ஒரு கத்தியையோ மிஷினையோ இந்தக் கோலத்தில் வைத்திருப்பார்களா? எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. கீழே தமிழ்ப் பத்திரிகையை விரித்தேன். நூலில் கட்டியிருந்த அட்டை நனைந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக அவிழ்த்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். படிக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பழைய பஸ் கார்டு ஒன்றை எடுத்துச் சுரண்டினேன். தகர மூடியின் நெற்றியில் மஞ்சளும் கறுப்புமாகக் காய்ந்த ஒரு கட்டி இருந்தது. அது பழைய சந்தனப் பொட்டு என்று பார்த்ததுமே தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? போன வருஷத்துப் பொட்டைத் துடைத்துவிட்டுத்தானே புதுசு வைப்போம். பழசை அப்படியே விட்டு வைத்தால் சோம்பேறி என்றுதானே சொல்வார்கள். கார்டின் மூலையைக் கொடுத்து ஒரே நெம்பு. பட்டென்று பெயர்ந்து பத்திரிகையில் விழுந்தது. எண்ணெய் தொட்டுத் துடைத்து, அப்புறம் சோப்புத் தண்ணீரில் துடைத்து, முள் இடுக்கை எல்லாம் பழைய டூத் பிரஷால் தேய்த்து, மிஷின் தகதகவென்று ஆகிவிட்டது. காலையில் லிட்டில் இந்தியாவில் பூஜைக்கு வாங்கிய சந்தனமும் குங்குமமும் பையில் இருந்தன. நெற்றியில் அழகாக ஒரு பொட்டு வைத்தேன். படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். குப்பை ஒரு நிமிஷம்கூட அறையில் இருக்கக் கூடாது என்பது என் சட்டம். பத்திரிகையைச் சுருட்டிப் பையில் போட்டுக் கட்டி, கீழே அஞ்சடி நடைபாதையில் மற்றக் குப்பைப் பைகளோடு வைத்துவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு டீச்சருக்காகக் காத்திருந்தேன்.

டீச்சர் படியேறி வந்தார். மிஷினைப் பார்த்தார். போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகமே வெளுத்துப்போயிருந்தது.

"அட்டையப் படிச்சியாம்மா?"

பையிலிருந்து எடுத்தேன். டீச்சரின் முத்து முத்தான கையெழுத்து. மிஷின் பசாரில் இருந்த வருஷங்கள், அது இதுவென்று நாலு வரி. கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தது. "மூடியின் மேல் இருக்கும் சந்தனப் பொட்டு, அம்மா கடைசி ஆயுத பூஜைக்கு வைத்தது. அதைத் தொட வேண்டாம்."

அந்தப் பூஜை முடிந்த அதே வாரத்தில் அந்த அம்மா இறந்துபோனாராம். எட்டு வருஷமாக மகன் மிஷினைத் துணி போட்டு மூடி, மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தாராம். வீட்டில் யாரையும் கிட்டே விடவில்லையாம். பொட்டைத் தொடாமல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தாராம். சனிக்கிழமை அவர் வருவார். டீச்சர் இதையெல்லாம் மெதுவாகத்தான் சொன்னார். அந்த மனுஷி என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. அஞ்சடியில் என் பை கண்ணிலேயே படவில்லை. பக்கத்து நாசி கந்தார் சோற்றுக் கடைக்காரர்கள் மத்தியானக் குப்பையை எல்லாம் அதன் மேல் போட்டிருந்தார்கள். குழம்பு, எலும்பு, மீன் முள். ஒரு தலைமுடிக்கு ஊரைக் கூட்டிய நான், முழங்கைவரை கறிக்குழம்பில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, பசிச்சா உள்ள வாங்கலா, வெளிய எதுக்குத் தேடுறீங்க?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்து ஓவென்று அழுதுவிட்டேன். பாவம், அவர் பதறிப்போனார். விஷயத்தைச் சொன்னதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே ஒவ்வொரு பையாகத் தூக்கி ஓரம் வைத்தார். "லாரி வர இன்னும் நேரம் இருக்கு, நீங்க அழாதீங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடியிலிருந்து என் பை வந்தது. ஒரு பக்கம் கிழிந்து, பத்திரிகைச் சுருளின் ஒரு முனையில் குழம்பு ஏறியிருந்தது. மீதி காய்ந்துதான் இருந்தது.

மாடிக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். காற்றாடியை நிறுத்தச் சொன்னேன், ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். கைப்பையில் மாஸ்க் இருந்தது, போட்டுக்கொண்டேன். டீச்சரிடம் தபால்தலை எடுக்கும் இடுக்கியும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தன. பத்திரிகையைப் பிரித்து, தொழிற்சாலையில் செய்வது மாதிரியே பென்சிலால் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். ஒரு கட்டத்தை முடிக்காமல் அடுத்த கட்டத்துக்குக் கண் போகக் கூடாது. துருத் துணுக்கு, கரப்பான் இறக்கை, கருகிய தேங்காய்ப் பூ, மறுபடி துரு. வியர்வை புருவத்தில் வந்து நின்றது. துடைக்கக்கூட பயம், கை ஆடினால் எல்லாம் பறந்துவிடும். டீச்சர் தொழுகைக்குப் போய்விட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அவரும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தார்.

எட்டாவது கட்டத்தில் ஒரு மஞ்சள் சில்லு கிடைத்தது. பாதிக் கொண்டைக்கடலை அளவு இருக்கும். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. பஞ்சின் மேல் இரண்டையும் சேர்த்து வைத்தால் பொருந்தின. ஒரு மூலை மட்டும் இல்லை. குழம்பு ஏறிய பக்கத்தில் அது கரைந்திருக்க வேண்டும். கடைசிக் கட்டம்வரை பார்த்தேன், கிடைக்கவே இல்லை.

கிடைத்தது சந்தனம்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள, போன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். குங்குமம் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடு பள்ளமெல்லாம் தெரியும் அல்லவா? சந்தனத்தில் ஒரு குழி. அந்தக் குழிக்கு ஒரு விரலின் வடிவம். ஓரத்தில் மெல்லிசாக நாலைந்து கோடுகள் வளைந்து போயின. அது ஒரு கட்டைவிரல். அந்த அம்மாவின் கட்டைவிரல்!

இருபத்தெட்டு வருஷத்தில் கண்ணாடி வழியாக நான் பார்க்காத சின்னப் பொருள் இல்லை. ஆனால் ஒரு மனுஷி சந்தனத்தைத் தொட்டு, மிஷினைத் தொட்டு, ஒரு விநாடி அழுத்திவிட்டுக் கையை எடுத்த அந்த விநாடி, அப்படியே என் கண்ணுக்குக் கீழே இருந்தது. அவர் போய் எட்டு வருஷமாகிவிட்டது. அவர் அழுத்திய அழுத்தம் போகவில்லை. டீச்சரும் குனிந்து பார்த்தார்.

அப்புறம்தான் நடுப்பகுதியைக் கவனித்தேன். ஓரத்தில் மட்டும்தான் ரேகை இருந்தது. நடுவெல்லாம் மழமழவென்று இருந்தது, ஒரு கோடுகூட இல்லை. குறுக்கே சாய்வாக ஒரு கீறல். பஸ் கார்டால் நெம்பியது நினைவுக்கு வந்தது. ஐயோ, கிடைத்தற்கரிய ஒன்றைக் கண்டுபிடித்த கையோடு, அதை நாசமாக்கியதும் நான்தான் என்று தெரிந்துபோனது. "நடு ரேகைய நான் சுரண்டிட்டேன் டீச்சர்" என்றேன். டீச்சர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

மகனுக்குப் போன் பண்ணி நானே பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்று டீச்சர் சொன்னார். வேண்டாம், செய்தது நான், நானே நேரில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய்ச்சவடாலாகச் சொல்லிவிட்டேனே ஒழிய, அந்த மூன்று நாளும் வீட்டில் ஒரு தூசியைக்கூடத் துடைக்கவில்லை. வீட்டுக்காரர்கூட கிண்டலை நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமை காலை மகன் வந்தார், மனைவியோடு. நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டையை அழகாக இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். அம்மாவைப் பார்க்க வருவது மாதிரியே வந்திருந்தார். படி ஏறி முடித்ததும் மிஷின் பளபளப்பது கண்ணில் பட்டு, அங்கேயே நின்றுவிட்டார். நான் போய் எதிரில் நின்றேன். அட்டையைப் படிக்காதது, சுரண்டியது, குப்பையில் போட்டது, ஒரு மூலை தொலைந்தது என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பொட்டைப் பஞ்சில் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை நீட்டினேன். பூதக்கண்ணாடியைக் கொடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் நானே பிடித்தேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், நிமிரவே இல்லை.

"தம்பி, நடுவுல இருந்த ரேகைய நான்தான் அழிச்சிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று.

"நீங்க அழிக்கலக்கா. அம்மாவுக்கு அங்க ரேகையே கிடையாது."

எனக்குப் புரியவில்லை. அப்புறம் சொன்னார். அம்மாவின் ஐசியை, அடையாள அட்டையை, மாற்றுவதற்கு ஒரு தடவை அவர்தான் கூட்டிப்போனாராம். கட்டைவிரலை ரேகை பதியும் மிஷினில் வைத்தால் ஏறவே இல்லையாம். துடைத்து வைத்தார்கள், க்ரீம் தடவி வைத்தார்கள், மறு கை விரலை வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சிரட்டையைப் பிடித்துப் பிடித்து, தேங்காய்த் தண்ணீரில் ஊறி ஊறி, ரேகை தேய்ந்தே போய்விட்டிருந்தது. "தேங்காயோட சேத்து வெரலையும் துருவிட்டேன் போலலா" என்று அவர் அம்மா அந்த ஆபீசே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாராம். குறுக்கே இருந்த கீறல் என் பஸ் கார்டு போட்டதும் இல்லை. அவர் பள்ளிக்கூடத்தில் படிவம் ஐந்து படிக்கும்போது முள்ளுக் குண்டு அம்மாவின் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் நாளே கடையைத் திறந்துவிட்டாராம். கண்ணாடிக்கு மேலாக அந்தத் தழும்பின் மேல் தன் விரலை வைத்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னார்.

"எட்டு வருஷமா பக்கத்துல போகவே பயம்க்கா, மூச்சுப் பட்டா உதிர்ந்துருமோன்னு. பொட்டுன்னுதான் நெனச்சிருந்தேன். உள்ள அம்மா இருந்தது தெரியல" என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. விளக்கை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

ஆனால் ஒன்று. எல்லாம் நல்லதுக்குத்தான் என்று அவர் சொல்லவில்லை. கிளம்புமுன் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "ஒரு மூலை போச்சு" என்று மெதுவாகச் சொன்னார். நியாயம்தானே. நான் வைத்த புதுப் பொட்டை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளைக்கு ஆயுத பூஜை. இருக்கட்டும்க்கா" என்றார்.

அவர் மனைவிதான் பேச்சோடு பேச்சாக, மாமியார் கடை பசாரில் மீன்கடை வரிசை திரும்புகிற முனையில் இருந்தது என்று சொன்னார். எங்கள் ஆயர் ஈத்தாம் பசார்தான் அது, குடும்பம் அப்போது அங்கே இருந்ததாம். அந்த முனையில்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் தேங்காய்ப் பூ வாங்குவேன், எத்தனையோ வருஷம். பையை நீட்டிய அந்த விரலிலிருந்துதான் வாங்கியிருக்கிறேன். எவ்வளவு யோசித்தும் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. பூவில் ஓடு கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

மிஷினுக்கு இப்போது வேறு அட்டை. ரேகையைப் பற்றியும் தழும்பைப் பற்றியும் டீச்சர் எழுதினார். கடைசி வரியை நான் கேட்டு வாங்கி என் கையால் எழுதினேன்: "இங்கே வந்த பிறகு, அட்டையைப் படிக்காமல் துடைத்ததில் பொட்டின் ஒரு மூலை தொலைந்துவிட்டது." பல் தடம் பதிந்த அந்த மர ஸ்கேலைப் பார்த்தும் இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. குனிந்து நின்று ஒவ்வொரு பல்லாகப் பார்க்கிறேன்.

போன மாசம் பேங்கில் ஒரு வேலையாகக் கட்டைவிரலை மிஷினில் வைக்கச் சொன்னார்கள். ஒரே தடவையில் பச்சை விளக்கு எரிந்தது. இருபத்தெட்டு வருஷம் கையுறைக்குள் பத்திரமாக இருந்த விரல், ஒரு கோடு குறையவில்லை. அதைப் பார்த்ததும் தேய்ந்துபோன அந்தக் கட்டைவிரல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, என் விரலை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டேன்.